ஜனவரி முதல் தேதிப் பட்டியல்

2002 ஜனவரி 1 அன்று டெல்லிக்கும் லாகூருக்கும் பஸ் இல்லை, ரயிலும் இல்லை. பாகிஸ்தான் விமானங்கள் நம் வான்வழியில் பறக்கக் கூடாது என்ற தடையும் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இரு நாட்டுத் தூதரகங்களிலும் பாதிப் பேரை மூட்டை கட்டச் சொல்லியாயிற்று. எல்லையில் லட்சக்கணக்கான சிப்பாய்கள், கண்ணிவெடிகள், பீரங்கிகள். அதே நாளில் டெல்லியிலும் இஸ்லாமாபாதிலும் ஒரே சமயத்தில் அதிகாரிகள் சந்தித்து ஆளுக்கொரு பட்டியலைக் கைமாற்றிக்கொண்டார்கள். எங்கள் அணுசக்தி நிலையங்கள் இங்கெல்லாம் இருக்கின்றன, இவற்றைத் தாக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பட்டியல்.

சென்னை நாளிதழ் ஒன்றின் இரவு டெஸ்கில் இருந்த காலத்தில் இந்தச் செய்தி ஆண்டுதோறும் என் கைக்கு வரும். கோயில்களில் புத்தாண்டுக் கூட்டம், மெரினா கொண்டாட்டம், நள்ளிரவு பைக் விபத்துகள் என்று குவிந்து கிடப்பதற்கு நடுவே பி.டி.ஐ.யின் நாலைந்து வரி. போன வருடத்து வாசகமே இந்த வருடமும் வரும். எத்தனையாவது முறை என்ற எண் மட்டும் மாறும். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகப் போட்டு முடிப்போம். "இதை யாருய்யா படிக்கப்போறா?" என்பார் தலைமை உதவி ஆசிரியர். "கல்பாக்கத்துல இருக்கறவங்க படிப்பாங்க சார்" என்பேன். பட்டியலில் என்ன இருக்கிறது என்பதை இரு அரசுகளும் வெளியிடுவதில்லை. ஆனால் சென்னைக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இரண்டு மின் உலைகளும் ஆராய்ச்சி மையமும் மறுசுத்திகரிப்பு ஆலையும் உள்ள ஓர் ஊரை விட்டுவிட்டு அப்படியொரு பட்டியல் போட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வழக்கத்தின் மூலம் பாக்தாதில் இருக்கிறது. 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய விமானங்கள் அந்நகருக்கு அருகே கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த ஒசிராக் அணு உலையைக் குண்டு வீசித் தகர்த்தன. அதைப் பார்த்து அதிகம் கலங்கியவர்களில் பாகிஸ்தான்காரர்களும் உண்டு. ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் கஹூட்டாவில் அவர்களுடைய யுரேனியச் செறிவூட்டல் ஆலை இருந்தது. இஸ்ரேல் செய்ததை இந்தியா செய்யாது என்று என்ன நிச்சயம்? 1984-இல் இந்த அச்சம் உச்சத்துக்குப் போனது. இந்தப் பக்கத்திலும் நிம்மதி இல்லை. கஹூட்டாவில் கை வைத்தால் நம் அணு நிலையம் இருக்கும் டிராம்பேயில் பதில் விழும். டிராம்பேயை ஒட்டி மும்பை. அணு உலையைத் தாக்க அணுகுண்டு தேவையில்லை, சாதாரணக் குண்டே போதும். கதிர்வீச்சை உலையே கொடுத்துவிடும். 1985 டிசம்பர் 17 அன்று டெல்லி வந்த ஜியா-உல்-ஹக்கும் ராஜீவ் காந்தியும் ஒருவர் நிலையத்தை ஒருவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள்.

வாய்வார்த்தை எழுத்தாக மூன்று வருடம் பிடித்தது. அதற்கிடையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986-87 குளிர்காலத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற பெரும் போர்ப் பயிற்சியை இந்தியா நடத்தியது. நடத்திய தளபதி கே. சுந்தர்ஜி நம் செங்கல்பட்டில் பிறந்தவர். பயிற்சியா படையெடுப்பா என்று தெரியாமல் பாகிஸ்தானும் படைகளை எல்லைக்கு நகர்த்தியது. அந்த ஜனவரிக் கடைசியில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இஸ்லாமாபாதில் விஞ்ஞானி ஏ.க்யூ. கானைச் சந்தித்தார். குண்டு தயாரிக்கும் திறன் தங்களிடம் இருக்கிறது என்று கான் உணர்த்திய அந்தப் பேட்டி மார்ச் 1 அன்று லண்டன் 'அப்சர்வர்' இதழில் வந்தது. அதற்குள் ஜியா கிரிக்கெட் பார்க்கும் சாக்கில் ஜெய்ப்பூர் வந்துபோய், பதற்றமும் தணியத் தொடங்கியிருந்தது. ஒரு பயிற்சியே யுத்தமாக முற்றப் பார்த்தது என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது.

1988 ஆகஸ்டில் ஜியா விமான விபத்தில் இறந்தார். டிசம்பரில் பேநசீர் பூட்டோ பிரதமரானார். சார்க் மாநாட்டுக்கு இஸ்லாமாபாத் போன ராஜீவ் முன்னிலையில், அந்த ஆண்டின் கடைசி நாளில், மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று கலாசாரம் பற்றியது. இன்னொன்று விமானப் போக்குவரத்து வருமானத்துக்கு இரட்டை வரி விதிப்பதைத் தவிர்ப்பது பற்றியது. மூன்றாவது இது. மின் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டல் ஆலை, மறுசுத்திகரிப்பு ஆலை, கதிரியக்கப் பொருளைப் பெருமளவில் வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை நேரடியாகவோ மறைமுகமாகவோ தாக்குவதில்லை, தாக்குவோரைத் தூண்டுவதில்லை, ஒவ்வொரு நிலையத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி தெரிவித்துவிட வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1991 ஜனவரி 27 அன்று. அதற்குள் ராஜீவ், பேநசீர் இருவருமே பதவியில் இல்லை. முதல் பட்டியல்கள் 1992 ஜனவரி 1 அன்று கைமாறின. இரு தரப்புமே ஆளுக்கொரு செறிவூட்டல் ஆலையை மறைத்துவிட்டதாக அப்போதே செய்திகள் வந்தன.

பட்டியலைச் சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள். சொன்னதுதான் கணக்கு, சொல்லாதது கணக்கில் இல்லை. செயற்கைக்கோள் காலத்தில் தெரிந்த இடத்தையே தெரிவிக்கிறார்கள், இது வெறும் சடங்கு என்று எங்கள் ஆபீசிலேயே கேலி உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள்கூடக் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரியைத் தவறாமல் கட்டிவிடுவார்கள். அந்த வரிக்காக யாரும் யாரிடமும் பணிந்துபோக வேண்டியதில்லை. இங்கும் அதேதான். நிலத்தை விட்டுத்தரச் சொல்லவில்லை, ஆயுதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவுமில்லை. கேட்பது இவ்வளவு கொஞ்சம் என்பதாலேயே மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. 1998-இல் அணுகுண்டுச் சோதனைகளால் பொக்ரானும் சாகாயும் அதிர்ந்தன, மறு வருடம் கார்கில் வந்தது, 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஜனவரியிலும் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

அதற்காக இதைக் கவசம் என்று எண்ணிவிடக் கூடாது. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை, நம் விமானப்படை அதிகாரிகள் மூவருக்கு வேலை போனது. ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று 2005-இல் போட்ட ஒப்பந்தம் பாலிஸ்டிக் வகைக்கு மட்டும்தான். பிரம்மோஸ் போன்ற குரூஸ் வகையை அது தொடவே இல்லை. தவறிக் கிளம்பும் ஏவுகணைக்கு அட்சரேகை தெரிந்தென்ன, தீர்க்கரேகை தெரிந்தென்ன?

2025-இல் நடந்தது இதற்கெல்லாம் மேல். ஏப்ரல் 22 பஹல்காம் படுகொலைக்குப் பின், 1960-இல் போட்டு மூன்று போர்களைத் தாண்டி வந்த சிந்து நதிநீர் ஒப்பந்தத்தையே இந்தியா நிறுத்திவைத்தது. சிம்லா ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்றது பாகிஸ்தான். தூதரகங்கள் முப்பது முப்பது பேராகச் சுருங்கின. மே 7 முதல் 10 வரை ஏவுகணைகளும் டிரோன்களும் பறந்தன. சர்கோதா பக்கம் கிரானா குன்றுகளில் அணு ஆயுதக் கிடங்கை இந்தியா அடித்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. இல்லை என்று நம் விமானப்படை மறுத்தது. கதிர்வீச்சுக் கசிவு எதுவும் இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமையும் சொன்னது. இத்தனைக்கும் பிறகு 2026 ஜனவரி 1 அன்று, முப்பத்தைந்தாவது முறையாக, பட்டியல்கள் கைமாறின.

அதே தேதியில் இன்னொரு பட்டியலும் கைமாறும். 2008 ஒப்பந்தப்படி ஒருவர் சிறையில் இருக்கும் மற்றவருடைய கைதிகளின் பெயர்கள். ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை. 2025 ஜனவரியில் பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் இந்திய மீனவர்கள் 217 பேர். கடலில் கோடு தெரியாமல் தாண்டிப் பிடிபட்டவர்கள், பெரும்பாலும் குஜராத் கரையைச் சேர்ந்தவர்கள். தண்டனைக் காலத்தை முடித்துவிட்ட மீனவர்களும் மற்றக் கைதிகளுமாக 183 பேரை விரைந்து அனுப்பிவைக்கும்படி இந்தியா அன்று கேட்டுக்கொண்டது.