பைகுல்லா நடைபாதையும் ஜாக்கின் அற்புதமும்

போன மாதம் தாராவியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "பம்பாய்க் குடிசை ஜனங்களைப் பற்றி இவ்வளவு எழுதினீங்களே சார், ஜாக்கின் அற்புதத்தை ஏன் விட்டுட்டீங்க?" என்றார். மறந்து விடவில்லை. அவரைப் பற்றி எழுதினால் என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டிவரும். அது பெருமைப்படும்படியான கதை இல்லை. சரி, எழுபத்தைந்து வயதுக்கு மேல் எதை மறைப்பது.

1983 வாக்கில் பைகுல்லா பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு மழைநாளில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கவுண்டருக்கு வந்தார். சேலை முந்தானையில் முடிந்திருந்த சில்லறையையும் கசங்கிய நோட்டுகளையும் அவிழ்த்து மேஜைமேல் வைத்து, கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்றார். ரேஷன் கார்டு கேட்டேன், இல்லை. முகவரி கேட்டேன். கையை நீட்டி வெளியே சாலையைக் காட்டினார். "அந்தச் சுவர் ஓரம்தான் பேட்டா, பதினைந்து வருஷமா அங்கேதான்" என்றார். ஃபாரத்தில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மேலதிகாரியைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டிவிட்டார். நானும் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் செய்தது சரிதான். அந்த அம்மாள் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டு போனது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1981 ஜூலையில், அந்துலே முதலமைச்சராக இருந்தபோது, கொட்டுகிற மழையில் நடைபாதைக் குடிசைகளை இடித்து, ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அதை எதிர்த்து ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற தீர்ப்பு இது. ஆனால் நடைபாதைக்காரர்களுக்குக் கிடைத்தது என்ன? முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இடிக்கலாம், மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்பதுதான். நீதிபதி சொன்ன தத்துவத்தைத் தலைக்கு மேல் கூரையாகப் போட்டுக்கொள்ள முடியுமா?

இந்த இடத்தில்தான் 'ஸ்பார்க்' என்ற தொண்டு நிறுவனம் வருகிறது. ஷீலா படேலும் சில தோழிகளும் 1984-இல் ஆரம்பித்தது. பைகுல்லாவில் ஒரு மருந்தகத்தின் பின்னால் இருந்த கார் ஷெட்தான் அவர்களுடைய இடம். படித்த பெண்கள், சமூகப்பணிப் பட்டம் வாங்கியவர்கள். நடைபாதைப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இடிக்க வந்தால் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பெண்களின் ஒரே கேள்வி. யாரிடமும் பதில் இல்லை. சரி, முதலில் நாம் எத்தனை பேர் என்று எண்ணுவோம் என்று கிளம்பினார்கள்.

1985-இல் எடுத்த அந்தக் கணக்கெடுப்பு புத்தகமாக வந்தது. 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்று தமிழில் சொல்லலாம். ஏறத்தாழ 6,000 குடும்பங்களை விசாரித்தார்கள். நேற்று வந்து இறங்கிய கூட்டம் என்று எங்களைப் போன்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது பொய் என்று தெரிந்தது. பலரும் பல வருஷங்களாக அங்கேயே இருப்பவர்கள். பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலை பார்க்கிறவர்கள். வேலைக்கு நடந்தே போய்விடுகிற தூரம் என்பதற்காகத்தான் அந்த இடம். பஸ் காசு கொடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. எல்லோரும் பயந்த அளவுக்கு அந்த வருஷம் இடிப்பு நடக்கவில்லை.

இனி ஜாக்கினுக்கு வருகிறேன். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். பதினாறு பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்தார். தச்சு வேலை பார்த்துக்கொண்டு, மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் திண்ணையில் படுத்துத் தூங்கியவர். அங்கே மாநகராட்சி குப்பை அள்ளுவதில்லை. இவர் காலனிப் பிள்ளைகளைப் பிக்னிக் போகலாம் என்று திரட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைப் பேப்பரில் கட்டி எடுத்துவரச் சொல்லி, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போடவைத்தார். அதன்பிறகு குப்பை வண்டி வந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காலனி நிலம் பாபா அணுசக்தி மையத்துக்கு வேண்டும் என்றார்கள். வருஷக்கணக்கில் கோர்ட்டு, ஊர்வலம், டெல்லி என்று அலைந்தார். கடைசியில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70,000 பேரைக் காலிசெய்து சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். நம் பக்கத்து ஆட்கள் பலருக்குச் சீத்தா கேம்ப் என்ற பேர் தெரிந்திருக்கும், இன்றும் அங்கே தமிழ்க் குரல் கேட்கும். ஆனால் ஜாக்கினுக்கு அது தோல்விதான். தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு என்று எழுபதுகளின் நடுவில் தொடங்கிய அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா எதிர்த்துக் கத்தினால் போதாது என்று யோசிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

தொண்டு நிறுவனங்கள் என்றாலே அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஏழைகளைக் காட்டிப் பணம் வாங்குகிறவர்கள் என்ற எண்ணம். (எனக்கும் அந்த எண்ணம் உண்டு, முழுக்கத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.) அப்படிப்பட்டவர் ஸ்பார்க்குடன் கை கோத்தார். பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' என்று சேர்ந்தார்கள். மூன்றும் ஒரு கூட்டணி. ஆட்களைத் திரட்டுவதும் எங்கே என்ன பேசுவது என்பதும் கூட்டமைப்பின் வேலை. சேமிப்பும் கடனும் பெண்கள் கையில். கணக்கு எழுதுவது, அதிகாரிகளுக்குக் கடிதம், வெளியே நிதி கேட்பது ஸ்பார்க்கின் வேலை. படித்தவர்கள் தலைமையில் உட்காராமல் குமாஸ்தா வேலை பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் நாட்டில் அது லேசில் நடக்கிற காரியமா?

அவர்களுடைய சேமிப்பு முறையைப் பற்றி, வங்கிக்காரன் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரு பெண் தினமும் தெருவில் வீடு வீடாகப் போய் வசூலிப்பாள். ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ, முடியாத அன்று ஒன்றும் இல்லை. எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாஸ்புக் எதற்கு? ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதில் கலர் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு கலருக்கும் ஒரு தொகை. பையைத் திறந்து எண்ணினால் இருப்புத் தெரிந்துவிடும். தினமும் போவதால் யார் வீட்டில் காய்ச்சல், யார் புருஷன் வேலைக்குப் போகவில்லை என்பதெல்லாம் வசூலிக்கிறவளுக்குத் தெரியும். கடன் கேட்டால் கொடுக்கலாமா என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். நாங்கள் ஒரு கடன் மனுவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொள்வோம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அந்தப் பெண்களே தங்களுக்கு வேண்டிய வீட்டை வரைந்து, மூங்கிலும் துணியும் வைத்து முழு அளவில் மாதிரி செய்து கண்காட்சி வைத்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பதினான்கு அடி உயரம், உள்ளே பரண் போல ஒரு மேல்தட்டு. மேலே பிள்ளைகள் படுக்கலாம், கீழே சமையல். நான் திருப்பியனுப்பிய அம்மாள் அங்கே இருக்கிறாரா என்று தேடினேன். தெரியவில்லை. முகம் மறந்துவிட்டிருந்தது, முந்தானை முடிச்சுதான் ஞாபகம்.

பெரிய சோதனை ரயில் பாதை ஓரத்தில் வந்தது. ஹார்பர் லைனில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னல் வழியே கை நீட்டினால் குடிசையைத் தொடலாம். ரயில் வேகமாகப் போக முடியாது, குழந்தைகள் அடிபட்டுச் செத்தார்கள். 1988 வாக்கிலேயே மாநில அரசும் ரயில்வேயும் இந்தக் கூட்டணியும் சேர்ந்து எண்ணியதில் சுமார் 18,000 குடும்பங்கள். உலக வங்கிக் கடனில் பாதையை விரிவாக்கும் திட்டம் வந்தபோது, மாற்று வீடு இல்லாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. 2000 பிப்ரவரியில் ரயில்வே அதை மீறி ஹார்பர் லைனில் குடிசைகளை இடித்தது. ஜனங்கள் தண்டவாளத்தில் இறங்கிய பிறகு நிறுத்தினார்கள். அதன்பின் ஓரிரு வருஷத்துக்குள் ஏறத்தாழ 60,000 பேர் போலீஸ் தடி இல்லாமல் இடம் மாறினார்கள். பெயர்ப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, ஐம்பது ஐம்பது குடும்பமாகச் சங்கம் சேர்த்து, பல இடங்களில் தங்கள் குடிசையைத் தாங்களே பிரித்துப் போட்டார்கள். வீடு 225 சதுர அடி.

அந்த வருஷம், 2000-இல், ஜாக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2011-இல் பத்மஸ்ரீ.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புது வீடுகள் பல மான்குர்த் போன்ற தூரத்து இடங்களில். 1985-இல் அவர்களே எண்ணிச் சொன்னார்களே, வேலைக்கு நடந்து போகத்தான் நடைபாதை என்று. அந்த நடை போயிற்று. தண்ணீர், லிப்ட், பராமரிப்புச் செலவு எல்லாம் தகராறு. இதே திட்டத்தின் சாலைப் பகுதியில் இடம்பெயர்ந்தவர்கள் புகார் கொடுத்து, உலக வங்கியின் விசாரணைக் குழு குறைகளைக் கண்டு, 2006 மார்ச்சில் சில மாதங்கள் பணத்தையே நிறுத்திவைத்தார்கள். அரசாங்கம் செய்யவேண்டிய வேலையைத் தொண்டு நிறுவனம் தலையில் போட்டுக்கொண்டால் அரசாங்கத்தின் கெட்ட பேரும் கூடவே வரும். ஜாக்கினை ஒப்பந்தக்காரர் என்று திட்டியவர்களும் உண்டு. ஆனால் 1976-இல் ஜனதா காலனி காலியானதையும் 2000-க்குப் பிறகு ரயில் ஓரம் காலியானதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு இரண்டாவதுதான் மேல் என்று தோன்றுகிறது. 

ஜாக்கின் 2018 அக்டோபர் 13-ஆம் தேதி மும்பையில் காலமானார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. செய்தியைப் பேரன்தான் போனில் காட்டினான். யார் தாத்தா இது என்று கேட்டான், சொல்ல ஆரம்பித்தேன், கார் ஷெட்டுக்கு வருவதற்குள் தூங்கிவிட்டான்.

சீத்தா கேம்ப்பில் உறவுக்காரர்கள் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் யாராவது 1976-இல் அங்கே போனவர்களைத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த முதல் மழைக்காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டு எழுதவேண்டும் என்றிருக்கிறேன்.