தரங்கம்பாடியின் இரு ஆலயங்கள்

1792இல் கட்டப்பட்ட நகர வாயிலினுள் நுழைந்து, இராஜ வீதியில் கடலை நோக்கி நடப்போர் அடுத்தடுத்து இரு ஆலயங்களைக் காண்பர். சீயோன் ஆலயம் டேனியருக்கென 1701இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. புதிய எருசலேம் ஆலயத்தைத் தமிழ்ச் சபைக்கெனச் சீகன்பால்கு கட்டி, 1718இல் பிரதிஷ்டை செய்தார். அதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முடி தரித்த முத்திரை விளங்குகிறது. அவ்வரசர் அனுப்பிய அருட்பணியாளரையே, 1708இல் டேனியத் தளபதி கடலோரத்து டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார் என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும்.

வெள்ளையருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று என வீதியில் கண்ட பிரிவினை ஆலய வாசலோடு நின்றுவிடவில்லை. சிலுவை வடிவான எருசலேம் ஆலயத்தினுள்ளும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சபையார் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். 1719இல் மரித்த சீகன்பால்கு அவ்வாலயத்திலேயே, பலிபீடத்தின் முன் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்.