முதுகுவலிக்குப் படுக்கையே மருந்தாக இருந்த காலம்

முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் நோயாளியை அசையாமல் படுக்க வைப்பது 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவமனைகளின் எழுதாத சட்டமாக இருந்தது. மெத்தைக்கு அடியில் பலகை, காலிலோ இடுப்பிலோ கட்டித் தொங்கவிட்ட எடை, எழுந்து உட்காரக்கூடத் தடை என்று மூன்று வாரம், ஆறு வாரம் கழியும். வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தை இழந்தார்கள். வீட்டைச் சுமந்த பெண்களுக்கு அந்த ஓய்வு பெரும்பாலும் வாய்க்கவே இல்லை. அது அவர்களுக்கு நல்லதாகவே முடிந்ததோ என்று, பின்னால் வந்த ஆய்வுகளைப் படிக்கும்போது கேட்கத் தோன்றும்.

முதுகு வலிப்பவரைப் படுக்க வைக்கச் சொல்லும் மிகப் பழைய ஏடு எகிப்தினுடையது. 1862இல் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள் கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்டது. தலைக்காயத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும் 48 நோயாளிகளின் குறிப்புகள் அதில் உள்ளன. கடைசிக் குறிப்பு முதுகெலும்புச் சுளுக்கைப் பற்றியது. காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், வலி தாளாமல் நோயாளி உடனே மடக்கிக்கொள்வார், அவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே வந்தவர், அடுத்த வாக்கியத்தின் நடுவில் கையை எடுத்துவிட்டார். படுக்க வைத்த பிறகு என்ன செய்வது என்பது அந்தச் சுருளில் இல்லை.

கிரேக்கர்கள் இழுத்துப் பார்த்தார்கள். ஹிப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில், கூன் விழுந்தவரை ஏணியில் கட்டி உயரத்திலிருந்து அதிர இறக்கும் முறை வருகிறது. கூட்டத்தை வாய்பிளக்க வைக்கும் வித்தை என்று அந்த நூலே அதை ஏளனம் செய்துவிட்டு, பலகையில் கிடத்திக் கயிறு கட்டி இரு பக்கமும் இழுக்கும் முறையைப் பரிந்துரைக்கிறது. பிற்கால மருத்துவமனைகளின் இழுவை சிகிச்சைக்கு அதுவே மூதாதை. நோயைப் பற்றிய அறிவு நகர்ந்தது 1764இல். நேப்பிள்ஸ் மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ, இடுப்பு மூட்டின் வலி வேறு, தொடையின் பின்புறமாகக் கால்வரை இறங்கும் வலி வேறு என்று பிரித்து, இரண்டாவது நரம்பின் நோய் என்று எழுதினார். அந்த நரம்பை அழுத்துவது எது என்று தெளிவாக மேலும் 170 ஆண்டுகள் பிடித்தன.

19ஆம் நூற்றாண்டுவரை முதுகுவலி வாதநோய்களில் ஒன்றாகவே கருதப்பட்டது. வரும், போகும், மனிதர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அடிபட்ட காயமாகப் பேசப்பட்டதற்கு இங்கிலாந்தின் ரயில்வேக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் விபத்துகளில் எலும்பு முறியாமல் தப்பியவர்கள் பிறகு முதுகுவலியோடும் நடுக்கத்தோடும் நீதிமன்றத்துக்கு வந்து நஷ்டஈடு கேட்டார்கள். லண்டன் பேராசிரியர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் வெளியிட்ட நூல், அதிர்ச்சியால் தண்டுவடம் பழுதாகிறது என்று வாதிட்டது. ‘ரயில்வே முதுகு’ என்ற பெயரே நிலைத்தது. 1883இல் ஹெர்பர்ட் பேஜ் அதை மறுத்து எழுதினார். பேஜ் ஒரு ரயில்வே கம்பெனியின் மருத்துவர் என்பதையும் சேர்த்தே அந்த மறுப்பைப் படிக்க வேண்டும். வழக்கில் யார் வென்றாலும், முதுகு எளிதில் உடையக்கூடிய உறுப்பு என்ற எண்ணம் பரவிவிட்டது.

காயம் என்றால் ஓய்வு என்பது அன்றைய அறுவை மருத்துவத்தின் பாடம். ஜான் ஹில்டன் 1863இல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகள், ஓய்வே இயற்கையின் மருந்து என்றன. லிவர்பூலில் எலும்பு கட்டும் வைத்தியர் குடும்பத்தில் வந்த ஹியூ ஓவன் தாமஸ், எலும்புக் காசநோய்க்கும் முறிவுக்கும் இடைவிடாத நீண்ட ஓய்வை வலியுறுத்தினார். காசநோய் மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் அது நியாயமான வழி. பிழை எங்கே நேர்ந்தது என்றால், முறிந்த எலும்புக்கும் சீழ் பிடித்த மூட்டுக்கும் வகுத்த விதியைச் சாதாரண முதுகுவலிக்கும் அப்படியே நீட்டியதில்தான்.

இந்த நேரத்தில் டிஸ்க் மெல்ல வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையில் மெத்தைபோல் அமைந்த 23 டிஸ்க்குகளைத் தமிழ்நாட்டில் பலரும் ஜவ்வு என்கிறார்கள். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பின்புறமாகப் பிதுங்கி நரம்பு வேரைத் தொடும். நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, காலை மடக்காமல் உயர்த்தி, நரம்பு சுண்டுகிறதா என்று பார்க்கும் சோதனையை 1880இல் லாசா லாசரேவிச் என்ற செர்பிய மருத்துவர் எழுதினார். அவர் தம் மொழியின் புகழ்பெற்ற சிறுகதை ஆசிரியரும்கூட. செர்பிய மொழிக் கட்டுரையை ஐரோப்பா படிக்கவில்லை. அடுத்த ஆண்டு இதையே தம் ஆய்வேட்டில் எழுதிய மாணவரின் பாரிஸ் ஆசான் லாசேக்கின் பெயர் சோதனைக்கு ஒட்டிக்கொண்டது. பெர்லினில் ஃபெடோர் கிராவுசே 1908இல் ஒருவரின் முதுகைத் திறந்து பிதுங்கிய துண்டை எடுத்தார். அதைக் குருத்தெலும்புக் கட்டி என்றே நம்பினார். 1929இல் வால்டர் டான்டி அது டிஸ்க்கிலிருந்து பெயர்ந்த துண்டு என்று எழுதியும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

பாஸ்டனில் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் ஜோசஃப் பாரும், கட்டி என்று பெயரிட்டு வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். அவற்றில் பல டிஸ்க் துண்டுகளே. 1934 ஆகஸ்டில் 19 நோயாளிகளின் விவரத்தோடு வந்த அவர்களின் கட்டுரை, சயாட்டிகா எனப்படும் அந்தக் கால் நரம்புவலியின் காரணத்தை உறுதிசெய்தது. ஆனால் அந்த வெற்றியே ஒரு கண்ணோட்டத்தையும் திணித்தது. கால்வரை இறங்கும் நரம்புவலிக்குச் சொன்ன விளக்கம், காரணம் பிடிபடாத எல்லா முதுகுவலிக்கும் பொருத்தப்பட்டது. டிஸ்க் கிழிந்திருக்கிறது, கிழிந்தது ஒட்ட வேண்டும், ஒட்டப் படுக்க வேண்டும், இல்லையென்றால் கத்தி. அறிவியல் துணைக்கும் குறைவில்லை. சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் உயிருள்ளவர்களின் டிஸ்க்கில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்று கொண்டால் படுக்கும்போது ஏறக்குறைய 25, உட்காரும்போது 140 என்ற அவரது எண்கள் பாடநூல்தோறும் ஏறின. அழுத்தம் குறைந்தால் நோய் குணமாகும் என்பதை மட்டும் அப்போது யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

எதிர்க்குரல் முன்பே எழுந்தது. 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையால் வரும் ரத்தக்கட்டு, தசை நலிவு, மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒரு காரசாரமான கட்டுரை எழுதினார். செயல்முறையில் மாற்றம் வந்ததோ தற்செயலாக. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி, மூன்று வாரமாக இடுப்பிலிருந்து முழங்கால்வரை வலியோடு வந்துகொண்டிருந்த ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காக மேசையின் தலைப்பக்கம் தூக்கிவைக்கப்பட்டிருந்தது. வந்தவர் அதிலேயே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்தபடி சில நிமிடம் கிடந்தவரைப் பார்த்து மெக்கன்சி திடுக்கிட்டார், ஏனென்றால் அன்றைய பாடப்படி அது கேடு விளைவிக்கும் நிலை. நோயாளியோ மூன்று வாரத்தில் இப்போதுதான் சுகமாக இருக்கிறது, கால்வலி போய்விட்டது என்றார். அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறை, 1980இல் மெக்கன்சி எழுதிய கையேட்டின் வழியே நாடுகள் தாண்டிப் பரவியது. அதன் பெரிய கொடை ஒரு குறிப்பிட்ட அசைவைவிட, தன் முதுகைக் கவனிக்கும் பொறுப்பை நோயாளியின் கையில் கொடுத்ததுதான். ஸ்டாக்ஹோம் அருகே டான்டெரிட் மருத்துவமனையில் 1969இல் தொடங்கிய ‘முதுகுப் பள்ளி’யும் குனிவது, தூக்குவது, உட்காருவது பற்றி நோயாளிகளுக்கு வகுப்பு நடத்தியது.

பப்பாளிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பப்பாளிப் பாலின் நொதியை ஊசியில் ஏற்றியதும் முயலின் விறைத்த காதுகள் துவண்டு விழுந்ததை 1956இல் லூயிஸ் தாமஸ் எழுதினார். குருத்தெலும்பைத் தளர்த்தும் இந்தச் சரக்கு டிஸ்க்கையும் கரைக்கும் என்று லைமன் ஸ்மித் 1963இல் மனிதருக்குப் போட்டுப் பார்த்தார். அமெரிக்க அரசு 1982இல் அனுமதி தந்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் தண்டுவடப் பாதிப்பும் நேர்ந்ததால் மவுசு குறைந்து, 2003இல் அங்கே விற்பனை நின்றது.

படுக்கையின் ஆட்சியை முடித்தவை எளிய ஒப்பீட்டு ஆய்வுகள். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோ குழுவினர் நரம்புப் பாதிப்பு இல்லாத 203 முதுகுவலிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு நாள் ஓய்வும் மற்றவர்களுக்கு ஏழு நாள் ஓய்வும் எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு நாள்காரர்கள் இழந்த வேலைநாட்கள் 45 சதவீதம் குறைவு. வலியில் வேறுபாடு இல்லை. 1995இல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், படுத்தவர்களையும் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே விரைவில் தேறினார்கள். சயாட்டிகாவுக்காவது படுக்கை தேவைதானே என்ற கேள்வி மிஞ்சியது. 1999இல் நெதர்லாந்தில் 183 பேரிடம் அதுவும் சோதிக்கப்பட்டது. 12 வாரத்தில் படுத்தவர்களிலும் படுக்காதவர்களிலும் குணம் கண்டவர்கள் 87 சதவீதம்.

ஸ்கேன் படம் இன்னொரு நம்பிக்கையை அசைத்தது. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. அறுவை சிகிச்சைக்கும் அளவு தெரிந்தது. நார்வேயின் ஹென்ரிக் வேபர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் ஓராண்டில் முந்தியிருந்தார்கள். நான்கு ஆண்டில் மற்றவர்களும் ஏறக்குறைய எட்டிப் பிடித்தார்கள். காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு: சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே போவது. அங்கே அவசர அறுவைக்கு ஈடில்லை.

கழுத்தின் கதை இத்தனை நேரானதல்ல. கார் மோதலில் கழுத்து சுண்டியவர்களுக்குக் காலர் மாட்டுவதைவிடச் சீக்கிரம் அசைய விடுவதே நல்லது என்று 1986இல் அயர்லாந்து ஆய்வு காட்டியது. கழுத்து டிஸ்க்கால் கைக்கு இறங்கும் புதிய நரம்புவலியிலோ, சில வாரம் காலரோடு ஓய்வு எடுப்பதும் பிசியோதெரபியும், சும்மா காத்திருப்பதைவிடப் பலன் தந்ததாக 2009இல் வெளியான டச்சு ஆய்வு சொல்கிறது.

சான்று வந்ததும் வழக்கம் மாறிவிடவில்லை. 1994இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று படுக்கையையும் அவசரப்பட்ட அறுவையையும் குறைக்கச் சொல்லி வழிகாட்டி வெளியிட்டது. முதுகு அறுவை மருத்துவர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள், சீக்கிரமே அந்த நிறுவனத்தின் நிதி வெட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு வழியில் போனது. 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரங்களில், முதுகு வலித்தால் படுத்துவிடாதீர்கள் என்று மக்களிடமே நேரடியாகச் சொன்னது. மக்களின் எண்ணமும் மருத்துவர்களின் போக்கும் மாறின. இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

2020இல் உலகில் இடுப்பு முதுகுவலியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 61.9 கோடி என்பது மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சியையும் நோயைப் புரியவைப்பதையும் உளவியல் துணையையும் பரிந்துரைக்கிறது. இழுவை சிகிச்சையையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அந்த பெல்ட்டுகள் இன்றும் மருந்துச் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கின்றன.