கோர்ட்டில் கேஸ் நிற்காவிட்டாலும் தடை! குடும்ப வன்முறை புகாரில் சிக்கும் பேஸ்பால் வீரர்களுக்கு என்ன நடக்கும்?

அமெரிக்காவின் முன்னணி பேஸ்பால் தொடர் எம்.எல்.பி. இதில் ஆடும் வீரர் மீது மனைவியோ காதலியோ அடித்ததாகப் புகார் கொடுத்தால், நடவடிக்கை எடுப்பது அணியா, லீக்கா? இதற்கென 2015 ஆகஸ்ட்டில் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து ஒரு கொள்கையை அறிவித்தன. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான வன்முறை மூன்றுக்கும் இதுதான் விதி.

புகார் வந்ததும் என்ன நடக்கும்?

லீக்கே விசாரிக்கும். அதற்காக வீரரை 7 நாள் வரை விடுப்பில் வைக்கலாம். சங்கம் சம்மதித்தால் நீட்டிக்கலாம். இது தண்டனை இல்லை என்பதால் சம்பளம் வந்துவிடும். நிபுணர்கள் வீரரைப் பரிசோதித்து, கவுன்சலிங்கும் பரிந்துரைப்பார்கள்.

தண்டனை கொடுப்பது யார்?

லீக்கின் கமிஷனர். இத்தனை போட்டி என்று குறைந்தபட்சமும் கிடையாது, அதிகபட்சமும் கிடையாது. சஸ்பெண்ட் ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கட். வீரர் அப்பீல் செய்யலாம். 2022-ல் டிரெவர் பாவருக்குப் பாலியல் வன்முறை புகாரில் விதிக்கப்பட்ட 324 போட்டி தடை, அப்பீலில் 194 ஆகக் குறைந்தது. புகாரை அவர் மறுத்தார். கிரிமினல் வழக்கும் பதிவாகவில்லை.

கோர்ட் தீர்ப்பு வேண்டாமா?

வேண்டாம். இந்த விதியின் முக்கிய அம்சமே இதுதான். 2015-ல் ஹோசே ரெயஸ் ஹவாயில் கைதானார். மனைவி ஒத்துழைக்காததால் வழக்கு கைவிடப்பட்டது. ஆனாலும் லீக் அவருக்கு 51 போட்டிகள் தடை போட்டது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் பாதிக்கப்பட்டவர் பின்வாங்கினால் கேஸ் நிற்காது. அந்த ஓட்டையைத்தான் இந்த விதி அடைக்கப் பார்க்கிறது.

அப்போ அணியின் வேலை என்ன?

வீரரை வைத்துக்கொள்வதா, விடுவிப்பதா என்பது அணியின் முடிவு. ரெயஸை கொலராடோ ராக்கீஸ் கழற்றிவிட்டது; அவரது பழைய அணியான நியூயார்க் மெட்ஸ் சேர்த்துக்கொண்டது. அரோல்டிஸ் சாப்மன் மீதான விசாரணை நடக்கும்போதே நியூயார்க் யாங்கீஸ் அவரை வாங்கியது. 30 போட்டி தடை முடிந்து ஆடியவர், 2016-லேயே சிகாகோ கப்ஸுக்கு மாறி சாம்பியன் பட்டமும் வென்றார்.

தடை முடிந்தால் பிரச்சினை முடிந்ததா?

ஹூலியோ உரியாஸ் 2019-ல் 20 போட்டிகள் சஸ்பெண்ட் ஆனார். 2023-ல் மீண்டும் கைது. 2025-ல் இந்தக் கொள்கையின் கீழ் இரண்டு முறை தடை பெற்ற முதல் வீரர் ஆனார். தண்டனைக்கு விதி இருக்கிறது. தடை முடிந்தவரைத் திரும்ப எடுப்பதற்கு மட்டும் விதி இல்லை; நன்றாக ஆடுபவருக்கு ஏதாவது ஓர் அணி கதவைத் திறந்துவிடுகிறது.