பூஞ்சிட்டு வண்டிகள் ஓடிய காலம்

சக்கரம் சுற்றிய கதை – 14

சென்ற வாரம் சோழவரத்துக் கார்ப் பந்தயத்தோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சங்கரன்கோவில் ரத வீதி டீக்கடை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். “ஏ அண்ணாச்சி, மட்கார்டு கிடையாது, கதவு கிடையாது, ஒத்த ஆளுதான் உக்கார முடியும்னு எழுதியிருக்கீய. அதுக்குப் போயி ஃபார்முலான்னு பேரு வச்சிருக்கானுவளே? அது கணக்குப் பாடத்துல வாறதுல்லா?”

கேள்வி நியாயமானது. பதிலும் நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது. கோவில் கொடைக்கு மாட்டுவண்டிப் பந்தயம் விடுகிறோம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று தரம் பிரிக்கிறோம். பூஞ்சிட்டு வரிசையில் ஒருவன் பெரிய மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் விழாக் கமிட்டி விடாது. கார்ப் பந்தயத்தில் இந்தத் தரம் பிரிக்கும் சட்டத்துக்குத்தான் ஃபார்முலா என்று பெயர். இன்ஜின் இத்தனை சிசி, எடை இவ்வளவுக்குக் குறையக் கூடாது, டயர் இந்த அளவு என்று எழுதி வைத்துவிடுவார்கள். அதற்குள் அடங்கிய வண்டிகள் மட்டும் ஒன்றோடொன்று மோதும். உலகம் முழுக்கப் பேசப்படும் ஃபார்முலா ஒன் பெரிய மாடு. இந்த வாரம் நான் சொல்லப்போவது ஒரு பூஞ்சிட்டின் கதை.

சோழவரத்தில் இந்தத் தரப்பிரிவு இருந்தும் இல்லாததுபோலத்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதை அது. 1950களில் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. கூட்டம் ஆயிரக்கணக்கில் கூடும். ஆனால் ஓடிய வண்டிகளைப் பாருங்கள். அம்பாசிடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினைக் கடைந்து கொண்டுவருவார்கள் சிலர். வெளிநாட்டிலிருந்து ரேஸ் காரையே இறக்குமதி செய்து கொண்டுவருவார்கள் வேறு சிலர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய என்சைன் காரையே சோழவரத்தில் இறக்கினார். பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பச்சைக்கொடி அசையும்போதே யார் முன்னால் வருவார் என்று தெரிந்துவிட்டால் அது பந்தயமா, கண்காட்சியா? எனக்குக் கண்காட்சியாகத்தான் படுகிறது.

அந்த நிலையை மாற்றியவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். பந்தய வட்டாரத்தில் சுருக்கமாக ‘கரி’. பிறந்தது 1954இல், லட்சுமி மில்ஸ் குடும்பத்தில். லட்சுமி மில்ஸ் என்றதும் பொதுவாகக் கோவை நினைவுக்கு வரும். நம் பக்கத்து ஆட்களுக்கு கோவில்பட்டி நினைவுக்கு வரும். அந்த மில்லின் கிளை அங்கேயும் உண்டு. குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பருத்திக்குக் கோவில்பட்டி மில்கள்தான் வாசல். கரிவரதன் குடும்பத்துச் செல்வத்தில் நம் கரிசலின் பஞ்சும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. அது என் ஊர்ப் பாசம். வரலாற்றில் சேர்க்க வேண்டாம்.

கரி வெறும் பணக்கார வீட்டுப் பிள்ளையாகப் பந்தயம் ஓட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தத் தொடரில் அவருக்கு ஒரு வரி போதும். அவர் நல்ல ஓட்டுநர். அதைவிட நல்ல பட்டறைக்காரர். கோவையில் மோட்டாரும் பம்புசெட்டும் ஜவுளி இயந்திரமும் செய்த லேத்துகள் தெருவுக்குத் தெரு இருந்தன. இரும்பை வார்க்க, கடைய, வெல்டு வைக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு ரேஸ் காரை இங்கேயே செய்துவிட முடியும் என்ற துணிச்சல் அந்த ஊரில் வந்ததில் ஆச்சரியமில்லை. குறை ஒன்றுதான். மலிவாக, எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைக்கும் இன்ஜின் வேண்டும்.

அதை மாருதி கொடுத்தது.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி கையில் எடுத்துக் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் அந்த வண்டி நின்றது. மூன்று சிலிண்டர், 796 சிசி. சக்தி நாற்பது குதிரைத்திறனைத் தொடாது. ஆனால் எடை குறைவு. அம்பாசிடர் இன்ஜினோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். கரி அந்த இன்ஜினைக் குடும்பக் காரின் முன்பக்கத்திலிருந்து எடுத்து, ஒற்றை இருக்கை வண்டியில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நின்றன. படுத்த வாக்கில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். 1980களின் கடைசியில் இந்த வண்டி பந்தயத்துக்கு வந்தது. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. வாயில் நின்றது ‘ஃபார்முலா மாருதி’தான்.

இதே சமயத்தில் ஓட இடமும் கிடைத்தது. சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் போட்டது. 1990இல் அது திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். விமான ஓடுபாதையில் நேராக விரட்டி, முக்கில் டிரம் வைத்துத் திருப்பிய காலம் முடிந்தது. வளைவுகளை வளைவாகவே வடிவமைத்த தடம் வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சக்தி குறைந்த வண்டியில் பந்தயம் ஓட்டுவது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். பெரிய இன்ஜின் வண்டியில் வளைவில் தேவைக்கு மேல் பிரேக் பிடித்துவிட்டால், வெளியே வந்து மிதித்தால் போதும், விட்டதைப் பிடித்துவிடலாம். நாற்பது குதிரைத்திறன் இல்லாத வண்டியில் ஒருமுறை வேகத்தை இழந்தால், அதைத் திரும்பச் சேர்க்க அடுத்த நேர்ச்சாலை முழுவதும் செலவாகும். அதற்குள் நாலு பேர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே எவ்வளவு குறைவாகப் பிரேக் பிடிக்கலாம், ஸ்டியரிங்கை எவ்வளவு குறைவாகத் திருப்பலாம், வளைவின் எந்தப் புள்ளியைத் தொட்டு வெளியேறலாம் என்பதிலேயே ஓட்டுநரின் மூளை கிடக்கும். முன்னால் ஓடும் வண்டியின் பின்புறக் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போய், நேர்ச்சாலையின் கடைசியில் வெட்டி வெளியே வந்து முந்துவதும் இந்தச் சின்ன வண்டியில்தான் கட்டாயப் பாடம். எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஒரே டயர். தோற்றுவிட்டு வண்டியைக் குறை சொல்லிவிட முடியாது.

தேசிய சாம்பியன்ஷிப் என்பதும் மாட்டுவண்டிப் பந்தயம்போல ஒரே நாளில் முடிகிற சங்கதி இல்லை. சென்னையில் தலைமையிடம் உள்ள இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பின் மேற்பார்வையில், ஒரு பருவம் முழுவதும் பல சுற்றுகள் நடக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் வந்த இடத்துக்கேற்பப் புள்ளி. பருவம் முடியும்போது கூடுதல் புள்ளி வைத்திருப்பவர் சாம்பியன். ஒரு நாள் பேயாக ஓட்டி ஜெயித்துவிட்டு மறு சுற்றில் வண்டியை வேலியில் ஏற்றுகிறவனுக்கு அது கிடைக்காது.

இந்தப் பூஞ்சிட்டில் ஏறியவர்களில் ஒருவர் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன். 1977இல் பிறந்தவர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். கரி அந்தக் குடும்பத்துக்கு உறவு. இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில் ஓடிய முதல் பந்தயத்திலேயே நரேன் மேடையேறினார். 1992இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனார். அங்கே போய்வந்தவர் நேராக ஐரோப்பாவிலேயே தங்கிவிடவில்லை. 1993இல் மறுபடி ஃபார்முலா மாருதியில் உட்கார்ந்தார். அதே ஆண்டு பிரிட்டனிலும் ஓட்டினார். 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்டார். அதுவரை எந்த இந்தியரும் அங்கே ஓட்டியதில்லை.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அவர் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்ததை நம் பத்திரிகைகள் கொண்டாடின. கூடவே ஒரு விவரத்தையும் சொல்லியாக வேண்டும். மிஷலின் டயர் போட்ட 14 கார்கள் பாதுகாப்புக் காரணத்தால் அன்று ஓடாமலே ஒதுங்கிக்கொண்டன. ஓடியவை ஆறே கார்கள். நரேனின் உண்மையான சாதனை அந்த நான்காம் இடம் இல்லை. பதினைந்து வயதில் மாருதி இன்ஜினோடு தொடங்கியவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்ததுதான்.

கரி அதைப் பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41. வேகத்தின் மேல் இருந்த பிரியம் அவரைத் தரையோடு நிற்க விடவில்லை.

ஆள் போன பிறகும் வண்டி நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. 2000ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்த ஆண்டுதான் பந்தயத்துக்கே வந்தார். வயது 16. தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். தந்தை விக்கி சந்தோக் ராலி ஓட்டுநர். பையன் 10 பந்தயங்களில் 7ஐ வென்று தேசிய ஃபார்முலா மாருதி சாம்பியன் ஆனான். ஒரே இன்ஜின், ஒரே டயர் என்ற சட்டத்துக்குள் பத்துக்கு ஏழு என்பது அசாத்தியம். மறு ஆண்டே ஃபார்முலா ஏசியாவையும் வென்றார். 2010இல் ஹிஸ்பானியா அணிக்காக பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார்.

இன்றுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர், நரேனும் கருணும். இருவரும் ஏறி வந்த முதல் படி கோவைப் பட்டறையில் பிறந்த அந்த 796 சிசி வண்டி. என்சைன் காரை இறக்குமதி செய்ததால் நமக்கு மிஞ்சியது புகைப்படங்கள்தான்.

இதில் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. மலிவு என்பது ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு பருவம் ஓட்ட டயர், பெட்ரோல், மெக்கானிக் கூலி, லாரி வாடகை என்று ஆகிற செலவு, தறி ஓட்டும் வீட்டுப் பையனுக்கு எட்டாது. நரேனும் கருணும் வந்த வீடுகளைப் பாருங்கள். கரி ரேஸ் காரை மகாராஜாக்களிடமிருந்து மில் முதலாளி வீட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் இறக்கினார். அதற்குக் கீழே அது இறங்கவில்லை.

2003இல் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பி. விஜயகுமார் ஒரு தடம் கட்டினார். ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அவர் சார்ந்த எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் ஃபார்முலா எல்ஜிபி என்ற வண்டி வந்தது. மாருதி எஸ்டீமின் 1300 சிசி இன்ஜின். அடுத்து ஃபார்முலா ரோலான் வந்தது. ‘ரோலான்’ எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா? நம் ஊர் பைக் மெக்கானிக்கிடம் போய்க் கேளுங்கள், செயின் பெட்டியை எடுத்துக் காட்டுவார். அதே நிறுவனம்தான், அதே பெயர்தான்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் ஃபார்முலா ஃபோர் கார்கள் ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போனது. டீக்கடை அண்ணாச்சியும் பார்த்திருப்பார். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கார்களின் உடல் பிரான்சின் மைகேல் நிறுவனம் செய்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் தேசிய சாம்பியன்ஷிப்புக்கு வண்டி கோவையிலிருந்து போனது. இன்று பிரான்சிலிருந்து வருகிறது. உலகத் தரம் வேண்டும் என்று சொல்பவர்களிடம் காரணம் இருக்கிறது. எனக்கு அது முன்னேற்றமாகத் தெரியவில்லை.

சோழவரத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ நம் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பந்தயம் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நுழைவுச் சீட்டு, நோட்டீஸ், கறுப்பு வெள்ளைப் படம் எது வைத்திருந்தாலும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அடுத்த வாரம், தென்னிந்திய ராலி.