கேசட், பேண்ட், கடைசியில் ரசிகன்

எங்க டீமில் ஒரு பையன். வயசு இருபத்தாறு, ஊர் நாகர்கோவில் பக்கம். போன மாசம் தயங்கித் தயங்கி என் சீட்டுக்கு வந்து, "அண்ணா, ஒரு லெட்டர் வேணும்"னான்.

விசாவுக்கான லெட்டர். இன்னாருக்கு ஆகஸ்ட் முதல் வாரம் விடுப்பு கொடுத்திருக்கிறோம், முடிந்ததும் வேலைக்குத் திரும்பி வருவார் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, மேனேஜர் கையெழுத்து போட வேண்டும். எங்கே போறேன்னு கேட்டேன். "ஜெர்மனிண்ணா, வாக்கன்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து சீட்டு நண்பருக்குப் புரியவில்லை. ஹெவி மெட்டல் திருவிழா, நாலு நாள், வயல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்றதும் அவர் கேட்டார்: "பாட்டு கேக்கவா இவ்வளவு தூரம்? யூட்யூப்ல இல்லாததா?"

பையன் சிரித்து மழுப்பிவிட்டான். அன்றைக்கு எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். ரெண்டு வாரத்துத் தேடலின் முடிவு இந்தக் குறிப்பு. ஒரு வரியில் சொல்வதானால்: ஹெவி மெட்டல் நாட்டு எல்லைகளைத் தாண்டியது மூன்று கட்டமாக. முதலில் கேசட் தாண்டியது, அப்புறம் பேண்ட், கடைசியாகத்தான் ரசிகன். ஐரோப்பாவிலும் இந்த வரிசைதான், நம்மிடமும் இந்த வரிசைதான். ரசிகன் ஏன் கடைசி என்பதுதான் விஷயம்.

திரைக்கு அந்தப் பக்கம்

இந்த இசை பிறந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரியில். பத்து வருஷம் கழித்து, 1980 ஆகஸ்ட் 16 அன்று, டானிங்டன் என்ற இடத்தில் கார் பந்தய மைதானம் ஒன்றில் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' விழா நடந்தது. ரெயின்போ, ஜூடாஸ் ப்ரீஸ்ட், ஸ்கார்ப்பியன்ஸ், சாக்ஸன் எல்லாம் ஒரே மேடையில். முழுக்க ஹெவி மெட்டல், ஹார்ட் ராக்குக்கு என்றே நடந்த பெரிய விழாக்களில் அது முன்னோடி. ஆனால் அது ஒரு நாள் கூத்து. காலையில் போய் ராத்திரி வீடு திரும்புகிற உள்ளூர் சமாச்சாரம்.

அதே சமயம் ஐரோப்பாவின் மறுபாதியில் கதை வேறு. போலந்து, ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி, சோவியத் யூனியன் எல்லா இடத்திலும் மெட்டல் ரசிகர்கள் இருந்தார்கள். மேற்கிலிருந்து யாரோ ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்தால் அது டேப்பில் ஏறி, அந்த டேப்பிலிருந்து இன்னொரு டேப், அதிலிருந்து இன்னொன்று. எண்பதுகளின் கடைசியில் கிழக்கு ஜெர்மனியின் அரசு இளைஞர் வானொலியான டிடி64-இலேயே ஹெவி மெட்டலுக்கென்று தனி நிகழ்ச்சி வந்தது. ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்து பதிவு செய்தார்கள். பாட்டுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. கேட்டவர்களுக்குத் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை.

அடுத்தது பேண்ட். அயர்ன் மெய்டன் தன்னுடைய பெரிய உலகச் சுற்றுப்பயணத்தை 1984 ஆகஸ்ட் 9 அன்று ஆரம்பித்த இடம் லண்டனும் இல்லை, நியூயார்க்கும் இல்லை. வார்சா. முழு மேடை, முழு விளக்குகள், ராட்சத பொம்மை என ஒன்றையும் குறைக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பயணத்தை ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த காட்சி மேடையில் நடப்பது இல்லை. போஸ்னான் நகரில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் இவர்கள் நுழைந்து, கல்யாண கோஷ்டியின் வாத்தியங்களை வாங்கி டீப் பர்ப்பிள் பாட்டு ஒன்றை வாசிக்கிறார்கள். நம்ம ஊர் மண்டபத்தில் திடீரென்று இளையராஜா வந்து ஹார்மோனியத்தில் கை வைத்த மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் முகங்களைப் பார்க்கணும்!

அதன் பிறகு கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1988-இல் ஸ்கார்ப்பியன்ஸ் லெனின்கிராடில் தொடர்ந்து பத்து நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். 1989 ஆகஸ்டில் மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் இரண்டு நாள் விழா: ஓஸி ஆஸ்பர்ன், பான் ஜோவி, மறுபடியும் ஸ்கார்ப்பியன்ஸ். 1991 செப்டம்பர் 28 அன்று, சோவியத் யூனியனில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்று ஒரு மாசம் ஆன நிலையில், மாஸ்கோவின் துஷினோ விமானத்தளத்தில் ஏசி/டிசி, மெட்டாலிகா, பாண்டேரா வாசித்தார்கள். அனுமதி இலவசம். கூட்டத்தின் எண்ணிக்கையை ஆளுக்கொரு கணக்காகச் சொல்கிறார்கள், லட்சக்கணக்கில் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கவனிச்சுப் பாருங்க. இவை எல்லாவற்றிலும் பயணம் செய்தது பேண்ட். ரசிகன் தன் ஊரிலேயே நின்று காத்திருந்தான்.

ஜல்லிக்குழியில் 800 பேர்

வாக்கன் என்பது வட ஜெர்மனியில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் ஒரு கிராமம். ஹாம்பர்கிலிருந்து வடமேற்கே போக வேண்டும். மக்கள்தொகை சுமார் 2,000. மாடு, சோளம், சர்ச், தீயணைப்புப் படை. தாமஸ் யென்சன், ஹோல்கர் ஹூப்னர் என்று அந்தப் பக்கத்துப் பையன்கள் ரெண்டு பேர், ஊரில் இருந்த பழைய ஜல்லிக்குழி ஒன்றில் கச்சேரி வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1990 ஆகஸ்ட் 24, 25. ஆறு பேண்ட், எல்லாமே ஜெர்மன். அதில் ஒன்று யென்சனுடைய சொந்த பேண்ட்டான ஸ்கைலைன். வந்தவர்கள் சுமார் 800 பேர்.

அந்தத் தேதியில்தான் நான் நின்றுவிட்டேன். இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவே எல்லைச் சோதனை நிறுத்தப்பட்டது 1990 ஜூலை 1. நாடு ஒன்றாக இணைந்தது அக்டோபர் 3. இந்த இரண்டுக்கும் நடுவில், கிழக்கு ஜெர்மனி என்ற நாடு காகிதத்தில் மட்டும் உயிரோடு இருந்த அந்த மூன்று மாசத்தில், முதல் வாக்கன் நடந்திருக்கிறது. திட்டம் போட்டுச் செய்ததில்லை, தற்செயல்தான். ஆனால் அந்த விழா வளர்ந்த காலமும் ஐரோப்பாவின் எல்லைகள் கரைந்த காலமும் ஒன்றாகவே போகின்றன. ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில். வடக்கே பக்கத்து நாடான டென்மார்க் அதில் சேர்ந்தது 2001-இல். போலந்தும் ஹங்கேரியும் செக் நாடும் சேர்ந்தது 2007 டிசம்பர் 21 அன்று. 1984-இல் வார்சாவில் அயர்ன் மெய்டன் தன்னைத் தேடி வரும்வரை காத்திருந்த ஒருவர், 2008 ஆகஸ்டில் காரை எடுத்துக்கொண்டு யாரும் நிறுத்தி விசாரிக்காமல் வாக்கன் போய்ச் சேரலாம். இடையில் இருபத்து நாலு வருஷம்.

விழாவும் அப்படியே பெருத்தது. 2010-களில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 75,000. 2023-இல் அனுமதிக்கப்பட்ட அளவு 85,000. 2,000 பேர் இருக்கிற ஊரில்! 2017-இல் மைதானத்துக்கு அடியில் பல கிலோமீட்டருக்குக் குழாய் பதித்து பியர் விநியோகித்தார்கள். டேங்கர் லாரி ஓடி வயல் சேறாவதைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. கிராமத்துத் தீயணைப்புப் படையின் பேண்ட் வாத்தியக் குழு விழாவில் வாசிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. கொரியாவில் பிறந்த சோ சுங்-ஹ்யுங் என்ற பெண் இயக்குநர் 2006-இல் எடுத்த 'ஃபுல் மெட்டல் வில்லேஜ்' என்ற ஆவணப்படத்தில் இந்த ஊர் விவசாயிகளையும் பாட்டிமார்களையும் பார்க்கலாம். மெட்டல் பிடிக்காதவர்களுக்கும் அந்தப் படம் பிடிக்கும்.

பக்கத்து சீட்டு நண்பரின் கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. வாக்கனில் யார் யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற முழுப் பட்டியல் வெளியாவதற்கு மாசக்கணக்கில் முன்பே டிக்கெட் விற்றுவிடுகிறது. அப்படியென்றால் அவர்கள் வாங்குவது குறிப்பிட்ட பாட்டையோ பேண்டையோ இல்லை. பழநிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவரிடம் "இந்த வருஷம் அங்க என்ன விசேஷம்?" என்று யாரும் கேட்பதில்லையே. தன்னைப் போன்றவர்கள் எல்லாரும் கூடுகிற இடத்துக்குப் போய் நிற்பதுதான் விசேஷம். சொந்த ஊரில், சொந்தத் தெருவில், 'இது என்னடா காட்டுக்கத்தல்' என்று கேட்டே வளர்ந்த ஒருவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பர்மா பஜாரிலிருந்து பேலஸ் கிரவுண்ட்ஸ்

நம் கதைக்கு வருவோம். எங்கள் காலத்து மெட்டல், கேசட் ரெக்கார்டிங் கடையில் தொடங்கியது. காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால் ரெண்டு நாளில் ஏற்றித் தருவார்கள். காலேஜ் ஹாஸ்டலில் ஒரே ஒரு மெட்டாலிகா கேசட் நாலு ரூம் சுற்றி, டேப் சிக்கி, பேனாவால் சுற்றிச் சரிசெய்து மறுபடி ஓடும். அப்புறம் பர்மா பஜாரில் எம்பி3 சிடி வந்தது. போலந்துக்காரன் செய்ததையேதான் நாங்களும் செய்தோம், தெரியாமலே.

பேண்ட் வந்தது 2007-இல். மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், அயர்ன் மெய்டன். வெள்ளி ராத்திரி சென்னையிலிருந்து நாலு பேர் பஸ் ஏறினோம். காலையில் மடிவாளாவில் இறங்கினால் டீக்கடை முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட். குவாஹாட்டியிலிருந்து ரெண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்களோடு இட்லி சாப்பிட்டேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது இந்தி வராது. பாட்டு வரிகள் ரெண்டு பக்கமும் மனப்பாடம். சாயந்தரம் டெல்லியின் பரிக்ரமா பேண்ட் முதலில் வாசித்தது. அந்த வருஷம் ஜூனிலேயே அவர்கள் இங்கிலாந்தின் டவுன்லோட் விழா மேடையில் ஏறினார்கள். அது நடக்கும் இடம் அதே டானிங்டன்.

அடுத்த வருஷம் பிப்ரவரி 1 அன்று மெய்டன் மறுபடி வந்தது, இந்த முறை மும்பை. ஆட்கள், வாத்தியங்கள், டன் கணக்கில் சாமான் எல்லாவற்றையும் ஒரு போயிங் 757 விமானத்தில் ஏற்றிக்கொண்டு, பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானியாக உட்கார்ந்து ஓட்டி வந்தார். அந்த உலகப் பயணத்தின் முதல் நிறுத்தம் மும்பை. பேண்ட் ரசிகனைத் தேடிப் போவதன் உச்சம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வாக்கனை நான் முதலில் பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். சாம் டன் என்ற கனடா மானுடவியல்காரர் 2005-இல் எடுத்த மெட்டல் ஆவணப்படம், ஆபீஸில் கை மாறி வந்த சிடியில். அதில் வாக்கன் மைதானம் வருகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். "ஒரு தடவை போயே ஆகணும்டா" என்று நாலு பேரும் சொன்னோம். அப்புறம் கல்யாணம், ஹோம் லோன், ஸ்கூல் ஃபீஸ். நாலு பேரில் ஒருத்தரும் போகவில்லை. 2019-இல் டெல்லியின் பிளட்டிவுட், டோல் மேளத்தோடு வாக்கன் மேடை ஏறியதை மொபைலில் பார்த்தேன். நம்ம ஊர் பேண்டே எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த லெட்டர்

சரி, ரசிகன் ஏன் கடைசி? கேசட்டை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. பேண்டுக்கு அழைப்பிதழ் உண்டு, ஒப்பந்தம் உண்டு, ஏற்பாட்டாளர் உண்டு. ரசிகனிடம் இருப்பது ஒரு டிக்கெட்டும் ஆசையும். "ஏன் வருகிறாய்?" என்பதற்கு "கூட்டத்தில் நிற்க" என்று சொன்னால் எந்த அதிகாரியும் யோசிக்கத்தான் செய்வார்.

பையனின் ஃபைலைப் பார்த்தேன். பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட் பதிவு, 90 யூரோ கட்டணம். விழா டிக்கெட்டைப் போன ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டான். ஆனால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாசம் முன்னால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆக, போக முடியுமா என்று தெரியாமலே காசைக் கட்டிவிட்டு, அரை வருஷம் சும்மா எதிர்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஜெர்மனியிலோ போலந்திலோ இருக்கிற அவன் வயசுக்காரனுக்கு அந்த அரை வருஷமும் வெறும் சந்தோஷம்.

விசா கிடைத்தாலும் கதை முடிவதில்லை. 2023-இல் கொட்டிய மழையில் மைதானம் களிமண் குளமாகி, ஆகஸ்ட் 2 அன்று இனி யாரும் வர வேண்டாம் என்று அறிவித்தார்கள். அப்போது உள்ளே இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். பல நாடுகளிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே திரும்ப வேண்டியதாயிற்று. இதைப் பையனிடம் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "ஆனா அடுத்த வருஷ டிக்கெட் சில மணி நேரத்துல தீர்ந்துடுச்சுண்ணா" என்றான். உண்மைதான், சரிபார்த்தேன். சேறு காயும் முன்பே 2024-க்கான அத்தனை டிக்கெட்டும் விற்றுப்போயிருந்தது.

லெட்டரில் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். 'விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்புவார்' என்ற வரியில் பேனா கொஞ்சம் நின்றது. ஒருவன் பாட்டு கேட்கப் போவதற்கு, அவன் திரும்பி வருவான் என்று இன்னொருவன் உத்தரவாதம் தர வேண்டியிருக்கிறது. 2007-இல் பெங்களூர் போனபோது என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

விசா இன்னும் வரவில்லை. பையன் மொபைலில் நாட்கள் குறைந்துகொண்டே வருகிற ஒரு கவுன்ட்டவுன் வைத்திருக்கிறான். தினமும் டீ பிரேக்கில் காட்டுகிறான். வந்தால் இதன் கீழேயே ஒரு வரி சேர்க்கிறேன். திரும்பி வந்ததும் அவனையே இங்கே ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறேன், மழைக்கு முழங்கால் வரை பூட்ஸ் வாங்கிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.