துறைமுக கிளார்க்கும் மூணு மாச ரிப்போர்ட்டும்

ஆடித்தபசுக்கு லீவு போட்டு சங்கரன்கோவில் வந்திருக்கேன். இங்க தறி ஓட்டுறவருக்கு எத்தனை சேலை நெய்தார்ங்கிறதுதான் கணக்கு. பார்டர்ல என்ன டிசைன் வரணும்னு அவர்கிட்ட யாரும் கேக்கிறதில்லை. நமக்கு டைம்ஷீட், அப்ரைசல். ஆணி ஒண்ணுதான், சுத்தியல்தான் வேற :-) இப்படிக் கணக்குப் பாக்குற இடத்துல புதுசா யோசிக்கிறவன் பிழைப்பானா? நம்ம ராமானுஜன் கதையைக் கொஞ்சம் வேற மாதிரி பாக்கலாம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில அவருக்கு ஸ்காலர்ஷிப் இருந்தது. ஆங்கிலத்துல தேறலைன்னு அது போச்சு. அப்புறம் பச்சையப்பன் கல்லூரியில படிச்சும் எஃப்.ஏ. தேறலை. எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணணும்ங்கிற விதி, அவ்வளவுதான்.

1912 மார்ச் 1-ல் மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்டில் கணக்குப் பிரிவு கிளார்க். மாசம் 30 ரூபாய். அதுவும் கெடுபிடியான ஆபீஸ்தான். ஆனா மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் தெரிஞ்சவர், ராத்திரியில ரெண்டு பேரும் சிலேட்டோட உக்காருவாங்க. சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு. (இப்படி மேனேஜர் அமையிறதை எந்த ஹெச்.ஆர். பாலிசியிலயும் எழுதி வைக்க முடியாது!)

எனக்குப் பிடிச்ச பகுதி அடுத்துதான் வருது. 1913 மே மாசத்துலேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பட்டமே இல்லாதவருக்கு! நிபந்தனை, மூணு மாசத்துக்கு ஒரு தரம் ரிப்போர்ட் தரணும். எதைக் கண்டுபிடிக்கணும்னு யாரும் சொல்லலை, இதுவரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கட்டுப்பாடு அவருக்கு நல்லதே பண்ணுச்சுன்னு நினைக்கிறேன். அவரோட நோட்டுகள்ல பெரும்பாலும் விடை மட்டும்தான் இருக்கும், எப்படி வந்ததுன்னு இருக்காது. ரிப்போர்ட்னு வந்ததும் வழியையும் விளக்க வேண்டியதாச்சு. தொகையீடு போடுறதுக்கு அவர் வெச்சிருந்த முறை (இன்னைக்கு 'ராமானுஜன் மாஸ்டர் தியரம்'னு சொல்றாங்க) அங்கதான் விளக்கமா இருக்கு. புரூஸ் பெர்ண்ட் அந்த ரிப்போர்ட்டுகளை, 1985-ல் வந்த தன்னோட முதல் தொகுதியில சேர்த்தார்.

போர்ட் ட்ரஸ்ட் அவரை வேலையை விட்டுத் தூக்கலை, சம்பளமில்லாத லீவுதான் கொடுத்தது. மூணாவது ரிப்போர்ட்டோட தேதி 1914 மார்ச் 9. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினது மார்ச் 17.